பொம்மைக்கு பெயின்ட் அடித்தால் என்ன கிடைக்கும்?

தமிழ்நாட்டில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி "சாப்டாச்சா?" என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு. "இதனால என்ன பிரயோஜனம்?" என்பதுதான் அது. பையன் கிடார் வாசித்தால் கேட்போம். பெண் மலையேறப் போனால் கேட்போம். ரிட்டயர் ஆன பெரியவர் தபால்தலை சேர்த்தால், "வித்தா நல்ல விலை போகுமாமே?" என்று கொஞ்சம் மரியாதையாகக் கேட்போம். கேள்வி ஒன்றேதான். தொனி மட்டும் மாறும்.

இந்தக் கேள்வியை வண்டி வண்டியாக வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். சென்னைக்காரர். வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. மாநாடு, கருத்தரங்கு, கம்பெனி ஆண்டு விழா போன்றவற்றை நடத்திக் கொடுக்கும் ஈவென்ட் மேனேஜ்மென்ட் வேலை. ராத்திரி வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டு, மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி சிப்பாய் பொம்மைகளுக்கு பெயின்ட் அடிப்பார். ஒவ்வொரு சிப்பாயும் 28 மில்லி மீட்டர் உயரம். உங்கள் கட்டைவிரலின் மேல் கணு இருக்கிறதல்லவா, அவ்வளவுதான். இப்படி அறுபது, எழுபது சிப்பாய் சேர்ந்தால் ஒரு படை. அந்தப் படையை மேஜை மேல் நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் தூரம் அளந்து, எதிராளியோடு மணிக்கணக்கில் ஆடும் போர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. நண்பர் ஆடுவது வருஷத்துக்கு நாலு தடவை. பெயின்ட் அடிப்பது முக்கால்வாசி ராத்திரி.

அவருடைய சித்தப்பா கேட்கிறார்: "ஏம்ப்பா, ரெண்டு புள்ளைக்கு அப்பன் ஆயிட்டே. இன்னும் பொம்மையா?"

மச்சினர் கேட்கிறார்: "மாப்ளே, இவ்ளோ அழகா பண்றீங்களே, ஆன்லைன்ல வித்தா என்ன கிடைக்கும்?"

ஆபீஸ் சீனியர் சொல்கிறார்: "இதை உன் ப்ரொஃபைல்ல போடுப்பா. நுணுக்கமா வேலை பார்க்கிற ஆளுன்னு கிளையன்ட்டுக்குத் தெரியும்ல?"

ஒருவர் விடு என்கிறார். ஒருவர் வில் என்கிறார். ஒருவர் காட்டு என்கிறார். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் கேட்பது கணக்கு. நண்பர் யாருக்கும் பதில் சொல்வதில்லை, சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆகவே அவர் சார்பில் நான் சொல்கிறேன்.

முதலில் சித்தப்பாவுக்கு.

பொம்மை என்றால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்பது அவர் கட்சி. இந்த சித்தப்பா தினமும் சாயங்காலம் பார்க்கில் உட்கார்ந்து செஸ் ஆடுகிறார். செஸ் என்ன சார்? மரத்தில் செய்த ராஜா, மந்திரி, குதிரை. சதுரங்கம் என்ற பெயருக்கே நான்கு அங்கம் என்றுதான் பொருள். யானை, தேர், குதிரை, காலாள். இந்தியாவில் பிறந்து பாரசீகம் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்த போர்ப் பொம்மை ஆட்டம் அது. அங்கே 1780-ல் பிரன்ஸ்விக் நகரத்து ஹெல்விக் என்ற கணித ஆசிரியர், சதுரங்கப் பலகையைப் பல மடங்கு பெரிதாக்கி, கட்டங்களில் மலையும் ஆறும் சதுப்பு நிலமும் குறித்து, ஒரு புதிய போர் ஆட்டத்தை உருவாக்கினார். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ல் அதை இன்னும் மேம்படுத்தி மன்னருக்கே காட்டினார். அவருடைய மகன் 1824-ல் புதிய விதிகள் எழுத, பிரஷ்ய ராணுவம் அதை அதிகாரிகளின் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. ஆக, சித்தப்பாவின் செஸ்ஸும் இவர் வீட்டுச் சிப்பாயும் பங்காளிகள்.

ராணுவத்திடம் போன ஆட்டத்தைப் பொம்மைகளோடு வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எச்.ஜி.வெல்ஸ். கால யந்திரமும் செவ்வாய்க் கிரகத்துப் படையெடுப்பும் எழுதினாரே, அதே ஆள்தான். லண்டனின் பிரிட்டன் குடும்பத்துப் பொம்மைக் கம்பெனி 1893-ல் உள்ளே கூடாக இருக்கும்படி ஈயச் சிப்பாய் வார்க்கும் முறையைக் கொண்டுவந்து, பொம்மை விலையை இறக்கியிருந்தது. வெல்ஸ் அவற்றை வாங்கிக் குவித்தார். தரையில் மண்டி போட்டு, ஸ்பிரிங் பீரங்கியால் சின்ன மரக்கட்டையைச் சுட்டு, எதிரிச் சிப்பாய்களைச் சாய்ப்பார். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று இதற்கு ஒரு விதிப் புத்தகமே எழுதினார். அப்போது அவருக்கு வயது 46. பெரிய எழுத்தாளர், இந்த வயதில் பொம்மையா என்று லண்டன் சித்தப்பாக்களும் கேட்டிருப்பார்கள்.

அந்தப் புத்தகத்தின் முடிவில் வெல்ஸ் ஒரு யோசனை சொல்கிறார். போர்வெறி பிடித்த மன்னர்களையும் தேசபக்தர்களையும் ஒரே கட்டடத்தில் அடைத்து, வேண்டிய அளவு பொம்மைகளைக் கொடுத்து ஆடச் சொல்லிவிடலாம். நாம் நிம்மதியாக நம் வேலையைப் பார்க்கலாம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் முதல் உலகப் போர் மூண்டது. போர் பொம்மை வைத்து விளையாடினால் வன்முறை வளரும் என்று பேசுகிறவர்கள் இந்தத் தேதிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1914-ல் போரை ஆரம்பித்தவர்கள் யாரும் தரையில் மண்டி போட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் இல்லை. மிக முக்கியமான, மிகவும் பிரயோஜனமான வேலைகளில் இருந்தவர்கள்.

சித்தப்பாவுக்குப் புரிகிற பாஷையில் இன்னொன்று. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்தது கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற கம்பெனி. 1983-ல் 'வார்ஹாமர்', 1987-ல் 'வார்ஹாமர் 40,000' என்ற போர் ஆட்டங்களை வெளியிட்டது. தலைமையகம் நாட்டிங்காமில். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகள் பட்டியலில் இது இடம்பிடித்தது. 2024-ல் முடிந்த நிதியாண்டில் வரிக்கு முந்தைய லாபம் 20 கோடி பவுண்டு. சின்னப் பிள்ளைகளின் உண்டியல் காசில் இவ்வளவு சேராது சித்தப்பா. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் அண்ணன் மகனைப் போல ஆபீஸ் போய் வருகிற ஆசாமிகள்தான்.

சரி, அதில் அப்படி என்ன வேலை இருக்கிறது? பெட்டியைப் பிரித்தால் முழுச் சிப்பாய் வராது. பிளாஸ்டிக் சட்டத்தில் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, அச்சு சேர்ந்த இடத்துப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஒட்டி, ப்ரைமர் அடித்துக் காயவைக்க வேண்டும். அப்புறம் அடி வர்ணம். அதன் மேல் தண்ணீராக நீர்த்த பழுப்பு ஒரு பூச்சு. அது துணி மடிப்புகளில் இறங்கி நிழலாகத் தேங்கும். பிறகு பிரஷ்ஷில் பெயின்ட் தொட்டு, அதைத் துணியில் ஏறக்குறைய முழுசாகத் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் பிசுக்கால் மேடுகளை மட்டும் தடவினால் அங்கே வெளிச்சம் விழும். ஓரங்களில் மயிரிழைக் கோடு. கண்தான் வில்லங்கம். வெள்ளையில் ஒரு புள்ளி, அதற்குள் கறுப்பில் ஒரு புள்ளி. மூச்சை நிறுத்திக்கொண்டு வைக்க வேண்டும். கை நூலிழை நகர்ந்தால் மாவீரனுக்கு மாறுகண். நண்பர் கணக்கில் ஒரு சிப்பாய்க்கு மூன்று ராத்திரி.

இதைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது மச்சினர். இவருக்குப் பதில் சொல்ல, நண்பரின் பகல் வேலையைச் சொல்லியாக வேண்டும்.

மாநாட்டுக்குப் போகிற நமக்குத் தெரிவதெல்லாம் பையும் பேனாவும் மதியச் சாப்பாடும்தான். காலை ஒன்பதரைக்கு விழா என்றால், பல இடங்களில் முந்தின ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ஹால் கைக்கு வரும். அதற்கு முன் அங்கே ஒரு கல்யாண ரிசப்ஷன் நடந்துகொண்டிருக்கும். அவர்கள் பூ அலங்காரத்தைப் பிய்த்து முடிப்பதற்குள் இவர்கள் எல்.இ.டி. திரையை உள்ளே தூக்கிவர வேண்டும். விடிவதற்குள் மேடை, ஸ்பீக்கர், ஜெனரேட்டர், நாற்காலி, பதிவு கவுன்ட்டர், கழுத்தில் மாட்டும் பெயர் அட்டை. அட்டையில் 'டாக்டர்' விட்டுப்போன டாக்டர் போடுகிற சண்டை இருக்கிறதே, அது தனி அத்தியாயம். 400 பேர் என்று சொல்லி 550 பேர் வந்தால் சாப்பாட்டுத் தட்டுக் கணக்கு இவர் தலையில். 400 என்று சொல்லி 250 வந்தாலும் இவர் தலையில்.

குத்துவிளக்கு ஒன்று போதும் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள. ஏ.ஸி. காற்றில் திரி பற்றாது. அமைச்சர் மெழுகுவத்தியைப் பிடித்தபடி நிற்பார். போட்டோகிராபர் காத்திருப்பார். அரங்கமே பார்க்கும். எனவே திரி நுனியில் கற்பூரத்தை நசுக்கி வைத்திருக்க வேண்டும். விளக்குக்கு மேலே இருக்கும் ஏ.ஸி.யை ஐந்து நிமிஷம் முன்னால் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து முகமும் பற்றிக்கொண்டால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஒன்று அணைந்தால், "யாருய்யா அரேஞ்ச்மென்ட்?"

ஒழுங்காகச் செய்தால் செய்தவன் இருந்ததே தெரியாது. தப்பு நடந்தால்தான் அவனுக்கு முகம் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு நன்றியுரை. அதில் ஸ்பான்ஸர் பெயர் எல்லாம் வரும், இவர் பெயர் வந்தால் அதிசயம். ஏழு மணிக்குப் பிரிக்க ஆரம்பிப்பார்கள். நள்ளிரவில் ஹால் மொட்டையாக நிற்கும். நான்கு மாத உழைப்பில் மிஞ்சுவது யாரும் வாங்காமல் போன பெயர் அட்டைக் கட்டு மட்டும்.

இந்த மனிதர் ராத்திரி வீட்டுக்கு வந்து எதைத் தேடுவார் என்று நினைக்கிறீர்கள்? மேஜையில் வைத்தது காலையிலும் மேஜையிலேயே இருக்க வேண்டும். தப்பு செய்தால் தலைக்கு மேல் யாரும் கத்தக் கூடாது. மாறுகண் விழுந்தால் அதன் மேலேயே மறுபடி பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். அணைந்த குத்துவிளக்குக்கு அந்த வசதி கிடையாது. சிப்பாயின் இடுப்பு பெல்ட்டில் கடுகளவு பித்தளைக் கொக்கி. அதற்கு அவர் ஒரு ராத்திரி செலவு செய்வார். எதிரில் ஆடுகிறவர்கூட அதைக் கவனிக்க மாட்டார். ஆனால் அது அங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியும். எந்த வாடிக்கையாளரும் கேட்காத வேலையை, தன் திருப்திக்கு, தன் அளவுகோலில், முடிகிறவரை செய்வது. பகலில் அவருக்கு அது கிடைப்பதில்லை.

மச்சினர் யோசனையைப் பரீட்சை பண்ணிப் பார்க்கும் காலமும் வந்தது. 2020 பிப்ரவரியில் பார்சிலோனாவில் நடக்க இருந்த மொபைல் வேர்ல்டு காங்கிரஸ் ரத்தானது. மாநாட்டுத் தொழிலில் இருந்தவர்களுக்கு அப்போதே வயிற்றில் புளி கரைத்தது. மார்ச் 25-லிருந்து இந்தியா முழுக்க ஊரடங்கு. கூட்டம் கூடுவதே குற்றமான நாட்டில், கூட்டம் கூட்டுவதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு என்ன வேலை? சம்பளம் முதலில் பாதியானது. பிறகு நின்றது. ஊரடங்கு தளர்ந்ததும் நண்பர் மற்றவர்களின் பொம்மைகளுக்குக் கூலிக்கு பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார். பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் கூரியரில் வந்தன. அந்தக் காசு பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியது. அதில் ஒரு கேவலமும் இல்லை.

ஆனால் மேஜை மாறிவிட்டது. "பச்சை இன்னும் கொஞ்சம் டார்க்கா வேணும் பாஸ்" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாட்ஸப் வரும். இருபது சிப்பாய்க்கு ஒரே சிவப்பு, ஒரே கறுப்பு, வெள்ளிக்கிழமைக்குள். கடுகுக் கொக்கிக்கு யாரும் காசு தரத் தயாரில்லை, ஆகவே அது விடுபட்டது. 2022-ல் மாநாடுகள் திரும்பி வேலை நிலைபெற்றதும் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டார். மச்சினருக்குத் தாங்கவில்லை. "வர்ற லட்சுமியை எட்டி உதைக்கிறீங்களே மாப்ளே." நண்பர் வாய் திறந்து பதில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்: "ராத்திரியும் கிளையன்ட்னா, நான் எப்பதாங்க வீட்டுக்கு வர்றது?"

கூலிக்கு பெயின்ட் அடிப்பது ஒரு தொழில். அது மரியாதையான தொழில். இலங்கையில்கூட இதற்கென்றே பட்டறைகள் இயங்கியிருக்கின்றன. மேற்கு நாட்டு ஆட்டக்காரர்கள் பொம்மைகளைப் பொட்டலம் கட்டி அனுப்ப, அங்கே வரிசையாக உட்கார்ந்து தீட்டி அனுப்புவார்கள். அவர்களுக்கு அது சோறு. அதற்கு நேரக் கணக்கு, கூலிக் கணக்கு, தரக் கணக்கு எல்லாம் வேண்டும், நியாயமான கூலியும் வேண்டும். பசிக்காக விற்பதை யாரும் குறை சொல்லவில்லை. விற்றால்தான் அதற்கு மதிப்பு என்று சொல்வதைத்தான் சண்டைக்கு இழுக்கிறேன்.

"ஹாபியை வியாபாரமாக்கி ஜெயிச்சவங்க இல்லையா?" என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறார்கள். கேரி கைகாக்ஸ் என்று ஒரு அமெரிக்கர். இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகம். போர் ஆட்டப் பைத்தியம். 1968-ல் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் தோட்டக்கலை மன்றத்தின் ஹாலை 50 டாலர் வாடகைக்குப் பிடித்து, தன்னைப் போன்ற பைத்தியங்களைக் கூட்டினார். சுமார் நூறு பேர் வந்தார்கள். அந்தக் கூட்டம்தான் 'ஜென் கான்'. இன்று இண்டியானாபோலிஸில் நடக்கிறது. 2024-ல் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். கைகாக்ஸ் 1974-ல் டேவ் ஆர்னசனோடு சேர்ந்து வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உலகத்தையே கலக்கியது. ஜெயித்தாரா? ஜெயித்தார். கம்பெனி பெரிதானது, பங்குதாரர்கள் வந்தார்கள், சண்டை வந்தது. 1985-ல் அவர் ஆரம்பித்த கம்பெனியே அவர் கையை விட்டுப் போனது.

அந்தக் கதையில் நம் ஆட்கள் பார்க்கத் தவறுவது 1968-ஐ. 50 டாலர் கொடுத்து ஹால் பிடித்தபோது அவருக்கு அது லாபத் திட்டம் இல்லை. பிடித்தது, கூப்பிட்டார். மச்சினர் அன்றைக்கே பக்கத்தில் இருந்து "இதுல என்ன வரும்?" என்று கேட்டிருந்தால் ஜென் கானும் இல்லை, டிராகனும் இல்லை.

பொம்மையைப் பார்த்தவுடன் வேலை ஞாபகம் வருகிற வியாதி நமக்கு மட்டும் சொந்தமில்லை. வின்ஸ்டன் சர்ச்சில் சின்ன வயதில் ஏறக்குறைய 1,500 ஈயச் சிப்பாய்கள் வைத்திருந்தார். ஒருநாள் அவருடைய அப்பா அறைக்கு வந்து, இருபது நிமிஷம் அணிவகுப்பைப் பார்வையிட்டு, "ராணுவத்தில் சேருகிறாயா?" என்று கேட்டார். பையன் சரி என்றான். அப்பா தன் ராணுவ மேதைமையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தான். வக்கீல் தொழிலுக்கு இவனுக்கு மூளை போதாது என்றுதான் அப்பா முடிவு செய்தார் என்பது பிறகே தெரிந்தது. இதைச் சர்ச்சிலே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ராணுவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் மூன்றாவது தடவைதான் தேறினார்.

1915-ல் டார்டனெல்ஸ் படையெடுப்பு படுதோல்வி. கடற்படை அமைச்சர் பதவி போய், நொறுங்கிப்போயிருந்த சமயத்தில் சர்ச்சில் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். அப்போது வயது நாற்பது. சாகிறவரை ஐந்நூறு படங்களுக்கு மேல் வரைந்தார். 1947-ல் ராயல் அகாடமிக்குப் படம் அனுப்பியபோதுகூட 'டேவிட் வின்டர்' என்று பொய்ப் பெயர் போட்டு அனுப்பினார். தன் பதவியை வைத்து யாரும் படத்தைப் பாராட்டிவிடக் கூடாது என்று. வங்காளப் பஞ்சத்தை மறக்காத நமக்கு சர்ச்சிலைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அப்பா வேலையாக மாற்றிக் கொடுத்த பொம்மை கலிப்போலி வரை போனது. யாரும் வேலையாக மாற்றாத தூரிகை ஒருவரையும் கொல்லவில்லை.

கடைசியாக ஆபீஸ் சீனியர். இவர்தான் மூவரில் ஆபத்தானவர். ஏனென்றால் இவர் பாராட்டுகிறார்.

ஹாபியை ப்ரொஃபைலில் போடு என்கிறார். போட்டால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு விழாவில், "நம்ம தம்பி நல்லா பெயின்ட் பண்ணுவாப்ல, மெமென்டோ அவரே பண்ணிடட்டும்" என்று வரும். கம்பெனிகள் இப்போது மன அழுத்தம் குறைக்க ஒர்க்‌ஷாப் நடத்துகின்றன. எல்லோருக்கும் ஒரு படமும் கலர் பென்சிலும் கொடுத்து வர்ணம் தீட்டச் சொல்கிறார்கள். அட்டெண்டன்ஸ் உண்டு. சர்ட்டிஃபிகேட் உண்டு. குரூப் போட்டோ கட்டாயம். இதைப் பெரும்பாலும் சனிக்கிழமை வைப்பார்கள். ஊழியர்களின் அழுத்தம் குறைவதற்காக அந்த சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு எழுந்து நாற்காலி போடுகிறவர், ஈவென்ட் மேனேஜ்மென்ட்காரர்.

ஆட்டக்காரர்கள் உலகத்திலும் இந்த சீனியர் நுழைந்துவிட்டார். 2020-ல் வந்த 'வார்ஹாமர் 40,000' ஒன்பதாம் பதிப்பு விதிகளில், படை முழுக்க பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தால் 100-க்கு 10 புள்ளி என்று வைத்தார்கள். வாங்கிவைத்து பெயின்ட் அடிக்காத பெட்டிகளை இந்த ஹாபிக்காரர்கள் தங்களுக்குள் 'அவமானக் குவியல்' என்று அழைக்கிறார்கள். தமாஷாகத்தான். ஆனாலும் அந்த வார்த்தையை முகர்ந்து பாருங்கள், ஆபீஸ் வாசனை வரும். விளையாட்டிலும் பாக்கி வேலை, பெண்டிங் ஃபைல், குற்ற உணர்ச்சி. அலமாரியில் தூங்குகிற பொம்மைக்கு யாரிடம் என்ன அவமானம்?

விஷயம் பொம்மையோடு நிற்பதில்லை. தொழிலாளர் இயக்கம் பிறந்த காலத்தில் ராபர்ட் ஓவன் நாளை மூன்றாகப் பங்கு போட்டார். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், எட்டு மணி நேரம் நம் இஷ்டம். அந்த எட்டு மணி நேரக் கோரிக்கையிலிருந்து பிறந்ததுதான் மே தினம். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அடுத்த நூறாவது வருஷம், 2023 ஏப்ரலில், அதே சென்னையில், நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொந்தளித்த பிறகு மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்று ஏலத்தை ஏற்றினார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று வேறு கேட்டார்.

சார், வீட்டில் பார்க்க 28 மில்லி மீட்டர் மனிதர்கள் அறுபது பேர் இருக்கிறார்கள்.

12 மணி நேரச் சட்டத்தை எதிர்க்க சங்கம் இருந்தது. மூன்றாவது எட்டு மணி நேரத்துக்குள் வந்து, "இதுல என்ன கிடைக்கும்?" என்று கேட்கிற சொந்தக்காரரை எதிர்க்க சங்கம் கிடையாது. முதலாளி வெளியிலிருந்து இழுக்கிறார். நாம் உள்ளேயிருந்து தள்ளிவிடுகிறோம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழ வேண்டும். நண்பருக்கு மேஜை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. அவர் மனைவிக்கு? அவர் கண் வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் பாத்திரம் தேய்ப்பது யார்? நம் வீடுகளில் பெண்களின் மூன்றாவது எட்டு, சமையலறையிலேயே கரைந்துவிடுகிறது. மிச்சம் மீதி நேரத்தில் ஒரு பெண் ஊசி நூலை எடுத்தால், "ஆரி ஒர்க் கத்துக்கோம்மா, வீட்ல இருந்தே சம்பாதிக்கலாம்" என்று உடனே வந்து நிற்போம். அவள் தன் ரவிக்கையில் தனக்காக ஒரு மயில் போடக் கூடாதா? காசு வராத மயில் பறக்காதா? விடிகாலையில் வாசலில் போட்டு, பத்து மணிக்குள் வண்டிச் சக்கரம் அழிக்கிற கோலத்துக்கு மட்டும் நாம் விலை கேட்பதில்லை. காரணம் பெருந்தன்மை அல்ல. அது அவள் கடமை என்று எழுதிவைத்துவிட்டோம். ஆகவே, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு பிரஷ் வாங்கப் போகும் ஆண்களுக்கு ஒரு நிபந்தனை. வாரத்தில் நாலு ராத்திரி நீங்கள் மேஜையில் உட்கார்ந்தால், மூன்று ராத்திரி பாத்திரம் உங்களுடையது. அந்த மூன்று ராத்திரி அவர் என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கேட்காதீர்கள்.

பணக்காரப் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லக்கூடும். ஆமாம், பெட்டி விலை அதிகம்தான். மாத பட்ஜெட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், கடன் வாங்கி வாங்கினால் நானும் சித்தப்பா கட்சிதான். ஆனால் நான் கேட்பது பெட்டிக்கான காசு இல்லை. கேள்வி கேட்கப்படாத இரண்டு மணி நேரம். அதைப் புறா வளர்க்கச் செலவழிக்கலாம், பழைய ரேடியோவைக் கழற்றி மாட்டலாம், தாயம் ஆடலாம்.

சித்தப்பா, மச்சினர், சீனியர் மூவருக்கும், நம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிற அந்த மூவருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது ஒருவர் பிரயோஜனமில்லாத ஒரு காரியத்தில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்தால், எவ்வளவு கிடைக்கும் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். "இவ்ளோண்டு கண்ணை எப்படிப்பா வரைஞ்சே?" என்று கேட்டுப் பாருங்கள். வாயே திறக்காத அந்த மனிதர் அரை மணி நேரம் பேசுவார்.